பழைய லேப்டாப்பில் மாற்று டிவிடி டிரைவ்: வாசகர் கேள்வி – பதில்

கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டு விழா, இன்று இல்லாத பெரியவர்களின் குரல் பதிவான சிடி. அலமாரியில் கிடக்கும் இந்த வட்டுகளைப் படிப்பதற்காகவே பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தவர்களின் கேள்விகள் இம்முறை நிறைய. பெரும்பாலானவற்றில் சிக்கல் ஒன்றுதான்: பழைய டிரைவ் பழுதாகி, வேறொன்று வாங்கிப் பொருத்தியும் அது வேலைக்கு வரவில்லை.

கேள்வி: 2009-ல் வாங்கிய லேப்டாப். டிவிடி டிரைவ் பழுதானதால் வேறொன்று வாங்கி நானே மாட்டினேன். விண்டோஸ் 7-ல் டிரைவ் தெரியவே இல்லை. கோளாறு டிரைவிலா, லேப்டாப்பிலா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: விண்டோஸைப் பிறகு பார்க்கலாம். முதலில் டிரைவுக்கு மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பை ஆன் செய்த சில நொடிகளில் டிரைவின் முகப்பிலுள்ள சிறு விளக்கு ஒருமுறை மினுக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் ட்ரே வெளியே வர வேண்டும். லேப்டாப் டிரைவில் ட்ரேயைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியை விடுவிப்பது மின்காந்தம். அதனால் மின்சாரம் இல்லாவிட்டால் பட்டன் எதுவும் செய்யாது, ஊசித்துளையில் பேப்பர் கிளிப்பை நுழைத்துத்தான் திறக்க முடியும்.

விளக்கும் இல்லை, ட்ரேயும் வரவில்லை என்றால் பெரும்பாலும் கனெக்டர் முழுதாக உட்காரவில்லை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு டிரைவை வெளியே இழுத்து, அதன் பின்புறம் இரும்புப் பட்டை ஒன்று இரண்டு சிறு ஸ்க்ரூக்களால் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பின் அடிப்பக்கத்திலிருந்து வரும் ஸ்க்ரூ பிடிப்பது இந்தப் பட்டையைத்தான். கடையில் வாங்கும் டிரைவோடு இது பெரும்பாலும் வராது. பழைய டிரைவிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். இது இல்லாமல் சொருகிய டிரைவ், லேப்டாப்பைத் தூக்கி வைக்கும்போதோ ட்ரேயை இழுக்கும்போதோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்துவிடும். தொடர்பு அறுபட அதுவே போதும். சில மாடல்களில் டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் இடையே விரலளவு இணைப்புப் பலகை ஒன்று உண்டு. அது பழைய டிரைவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விளக்கு எரிகிறது, ட்ரேயும் திறக்கிறது என்றால் அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள். ஆன் செய்த உடனே எஃப்2 அல்லது எஃப்10 (லேப்டாப்பைப் பொறுத்து மாறும்) அழுத்தி உள்ளே போனால், டிரைவின் மாடல் எண் அங்கே தெரிய வேண்டும். பூட் வரிசையில் 'சிடி/டிவிடி' என்று பொதுவாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். டிரைவே இல்லாதபோதும் அந்த வரி இருக்கும். மாடல் எண் தெரிகிறதா என்பதுதான் கணக்கு. பயாஸில் தெரியாத டிரைவை விண்டோஸில் எந்த டிரைவர் (டிரைவை இயக்கும் மென்பொருள்) போட்டாலும் கொண்டுவர முடியாது. டிவிடி டிரைவுக்கான டிரைவர் விண்டோஸுடனேயே வருகிறது. தனியாகத் தரவிறக்கச் சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால், கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிரைவின் மேல் மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்து, உள்ளே 'கோட் 19', 31, 32, 39, 41 இவற்றில் ஒன்று இருந்தால் காரணம் ஏறக்குறைய நிச்சயம்: முன்பு நிறுவிய வட்டெழுதும் மென்பொருள் ஒன்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) விட்டுப்போன ஃபில்டர் பதிவுகள், அதாவது டிரைவுக்கும் விண்டோஸுக்கும் இடையில் புகும் துணை மென்பொருளின் குறிப்புகள். புது டிரைவ் வந்ததும் விண்டோஸ் அந்த ஃபில்டரைத் தேடுகிறது, கிடைக்காததால் டிரைவையே நிறுத்திவிடுகிறது.

சரிசெய்ய, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்ற வரிசையில் இறங்குங்கள். அங்கே அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்களாக நிறைய ஃபோல்டர்கள் இருக்கும். 4டி36இ965 என்று தொடங்குவது நமக்கு வேண்டியது (டி, இ இரண்டும் ஆங்கில எழுத்துகள்). 964, 966 என்று முடியும் அண்டை ஃபோல்டர்களும் உண்டு, கவனம். வலப்பக்கம் 'கிளாஸ்' என்ற வரியில் 'சிடிராம்' என்று இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். முதலில் அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வையுங்கள். பிறகு 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு வரிகளை மட்டும் நீக்கி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்றுதான் இருந்தால் அந்த ஒன்றை நீக்கினால் போதும். ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள் சிடி எழுதுவதற்கு இந்தப் பதிவைத்தான் பயன்படுத்துகிறது. அது தேவையென்றால் பிறகு மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

மஞ்சள் குறியும் இல்லாமல் டிவைஸ் மேனேஜரில் பெயர் சரியாகத் தெரிந்தால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் டிரைவுக்கு எழுத்து ஒன்று ஒதுக்குங்கள். பென் டிரைவோ கார்டு ரீடரோ அதன் எழுத்தைப் பிடித்து வைத்திருக்கலாம்.

கேள்வி: 2005 மாடல் லேப்டாப். பழைய சாமான் கடையில் வாங்கிய டிரைவை மாட்டியதும் ஹார்ட் டிஸ்க்கே காணாமல் போய்விட்டது. டிரைவை எடுத்தால் விண்டோஸ் வழக்கம்போல் ஏறுகிறது. (காரைக்குடி வாசகர்)

பதில்: ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கும் டிவிடி டிரைவும் ஒரே ஐடிஇ (பழைய வகை இணைப்பு) தடத்தைப் பகிர்ந்துகொள்வது உண்டு. ஒன்று மாஸ்டராகவும் (முதலாவது) மற்றது ஸ்லேவாகவும் (இரண்டாவது) இருந்தாக வேண்டும். டெஸ்க்டாப் டிரைவில் ஜம்ப்பர் என்ற சிறு இணைப்புத் துண்டை மாற்றி இதைத் தீர்மானிக்கலாம். லேப்டாப் டிரைவில் ஜம்ப்பர் கிடையாது. கேபிள் செலக்ட் என்ற பின் வழியாக லேப்டாப் சொல்வதைக் கேட்கும் டிரைவ்களும் உண்டு, ஃபெர்ம்வேரிலேயே (டிரைவுக்குள் பதிந்த மென்பொருள்) 'நான் மாஸ்டர்' என்று முடிவாகிவிட்ட டிரைவ்களும் உண்டு. உங்களிடம் வந்திருப்பது இரண்டாவது ரகம். இரண்டு மாஸ்டர்கள் மோதிக்கொள்வதால் பயாஸுக்கு ஹார்ட் டிஸ்க் தெரியாமல் போகிறது.

பின்னை மடக்கியும் ஷார்ட் செய்தும் இதை ஏமாற்றும் வழிகளைச் சிலர் சொல்வார்கள். 50 பின் கனெக்டரில் ஒன்று தவறினாலும் 5 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். இருபதாண்டு பழைய மதர்போர்டுக்கு மாற்று கிடைப்பது அரிது. டிரைவைக் கடையில் திருப்பிக் கொடுத்து, உங்கள் பழைய டிரைவின் லேபிளில் உள்ள அதே மாடல் எண் கொண்டதையோ, உங்கள் லேப்டாப் மாடலிலிருந்தே கழற்றியதையோ கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டிரைவ் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகப் போகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: பழைய டிரைவைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரரிடம் லேப்டாப் பெயரைச் சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு பயன்.

முதலில் கனெக்டர். பின்புறத்தில் அகலமான, நெருக்கமான 50 பின் கொண்ட ஒரே கனெக்டர் இருந்தால் ஐடிஇ. எல் வடிவத்தில் இரண்டு தட்டையான நாக்குகள் அருகருகே இருந்தால் சாட்டா என்ற புதிய வகை. அதில் தரவுக்கு 7 பின், மின்சாரத்துக்கு 6 பின். 2007-க்கு முந்தைய லேப்டாப்களில் பெரும்பாலும் ஐடிஇ, அதற்குப் பிறகு சாட்டா வரத் தொடங்கியது. மாறிய காலத்து லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் சாட்டாவாகவும் டிவிடி டிரைவ் ஐடிஇயாகவும் இருக்கும். அதனால் ஹார்ட் டிஸ்க்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒன்றின் இடத்தில் மற்றது எந்த விதத்திலும் உட்காராது.

அடுத்தது தடிமன். 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என இரண்டு உண்டு. முகப்புத் தகட்டை விட்டுவிட்டு டிரைவின் உடலை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 12.7 டிரைவ் 9.5 மி.மீ. இடத்தில் நுழையவே நுழையாது. எதிர்மாறாக, 9.5 டிரைவை 12.7 மி.மீ. இடத்தில் வைத்தால் மின்னிணைப்பு கிடைக்கும், ஆனால் 3.2 மி.மீ. இடைவெளி விட்டு ஆடும், பழைய முகப்பும் பொருந்தாது. மாடல் எண்ணிலேயே ஒரு குறிப்பு உண்டு. ஹிட்டாச்சி-எல்ஜியில் ஜிடி என்று தொடங்கினால் 12.7, ஜியு என்றால் 9.5, சாம்சங்கில் எஸ்என்-208 தடித்தது, எஸ்யு-208 மெல்லியது, லைட்-ஆனில் டிஎஸ், டியு. மூன்றிலும் 'யு' வந்தால் மெல்லியது. கனெக்டர் விஷயத்திலும் ஓர் எண் வித்தியாசம் ஆளைக் கவிழ்க்கும்: டோஷிபா-சாம்சங்கின் எல்632 ஐடிஇ, அதன் இரட்டைப் பிறவி போல் தெரியும் எல்633 சாட்டா.

முகப்புத் தகடு லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். ஓரம் வளைந்திருக்கும், பட்டன் வேறிடத்தில் இருக்கும். பழைய டிரைவின் ட்ரேயை ஊசித்துளை வழியாகத் திறந்து, தகட்டின் இரு பக்கத்திலும் ட்ரேயின் அடியிலும் உள்ள பிளாஸ்டிக் கொக்கிகளைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல அழுத்தினால் கழன்று வரும். ஒரு பக்கத்தை விடுவித்த பிறகே மறுபக்கம். நடுவில் பிடித்து இழுத்தால் கொக்கி ஒடியும். புது டிரைவில் அதே இடங்களில் துளை இருக்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மாற்றிய டிரைவ் டிவிடி நன்றாகப் படிக்கிறது. எம்பி3 சிடி போட்டால் மட்டும் சுழன்றுவிட்டு நின்றுவிடுகிறது. பழைய சிடிக்கள் கெட்டுவிட்டனவா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: ஒரே லென்ஸ் வழியாக வந்தாலும் சிடிக்கும் டிவிடிக்கும் லேசர் வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒன்று வலுவிழந்தாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் பயன்படுத்திய டிரைவ் வாங்கும்போது ஒரு சிடி, ஒரு டிவிடி, எழுதப்படாத ஒரு வட்டு என மூன்றையும் கொண்டு போய் சோதிக்கச் சொல்கிறோம்.

டிரைவைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு விஷயம். லேப்டாப் டிரைவில் வட்டை ட்ரேயில் போட்டால் மட்டும் போதாது, நடுக்குமிழில் 'டிக்' என்று பதியும்வரை அழுத்த வேண்டும். குமிழின் அடியில் ட்ரேக்கு ஒரு கையால் தாங்கல் கொடுத்து அழுத்துங்கள். அரைகுறையாகப் பதிந்த வட்டு சரிந்தே சுழலும். இரண்டாவது லென்ஸ். ட்ரேயிலேயே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு, அழுத்தாமல் ஒருமுறை வட்டமாகத் துடையுங்கள். லென்ஸ் தொங்குவது தலைமுடி போன்ற கம்பிகளில். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. லென்ஸ் பிளாஸ்டிக் என்றால் நிரந்தரமாகப் பனித்துவிடும். துடைத்தும் எந்த சிடியும் படிக்கவில்லை என்றால் அகச்சிவப்பு லேசர் முடிந்துவிட்டது. டிரைவை மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி. புது டிரைவில் டிவிடி படம் திக்கித் திக்கி ஓடுகிறது, எலிக்குறி கூட நகர மறுக்கிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பழைய டிரைவ் சாகும் தறுவாயில் விட்டுப்போன தழும்பு இது. ஒரு டிரைவ் ஆறு முறை பிழை தந்தால் எக்ஸ்பி அந்தத் தடத்தை டிஎம்ஏ (தரவு நேராக மெமரிக்குப் போகும்) முறையிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். பிஐஓவில் ஒவ்வொரு துண்டுத் தரவையும் பிராசஸரே கையில் எடுத்து மாற்ற வேண்டியிருப்பதால்தான் எலிக்குறியும் திணறுகிறது. டிரைவை மாற்றினாலும் இந்த இறக்கம் தானாகச் சரியாகாது. டிவைஸ் மேனேஜரில் 'செகண்டரி ஐடிஇ சேனல்' என்பதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அந்த சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து அல்ட்ரா டிஎம்ஏவுக்கு உயர்த்தும். சில நாளில் மறுபடி இறங்கினால் புது டிரைவோ கனெக்டரோ பிழை தருகிறது என்று பொருள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிவிடி, புது டிரைவில் 'ரீஜன்' பிழை காட்டுகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ரீஜன் என்பது எந்த நாடுகளில் ஓடலாம் என்று டிவிடியில் பதித்த மண்டல எண். இந்தியாவும் இலங்கையும் ரீஜன் 5, சிங்கப்பூர், மலேசியா 3, வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவும் 2. டிரைவின் பண்புகளில் 'டிவிடி ரீஜன்' என்ற தாவலில் மாற்றலாம், ஆனால் மொத்தம் ஐந்து முறைதான். அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருப்பதால் விண்டோஸை மறுபடி போட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. பயன்படுத்திய டிரைவ் என்றால் எத்தனை மிச்சம் என்று அதே இடத்தில் பாருங்கள். ஒரே ஒரு படத்துக்காக ஒன்றைச் செலவழிக்காதீர்கள். விஎல்சி என்ற இலவச பிளேயரில் முதலில் முயலுங்கள், பல டிரைவ்களில் அது ரீஜனைப் பொருட்படுத்தாமல் ஓட்டிவிடும். விண்டோஸ் 8, 10-ல் டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸ் மீடியா பிளேயரில் கிடையாது என்பதால் எப்படியும் விஎல்சி தேவைப்படும்.

கேள்வி: கழற்றிய டிவிடி டிரைவை யுஎஸ்பி பெட்டியில் போட்டேன். வட்டு சுழலத் தொடங்கியதும் தொடர்பு அறுந்து மறுபடி வருகிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: மின்சாரம் போதவில்லை. டிரைவின் லேபிளைப் பாருங்கள், 5 வோல்ட் பக்கத்தில் 1 ஆம்பியருக்கு மேல் எழுதியிருக்கும். யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 0.5 ஆம்பியர், 3.0 என்றால் 0.9. வட்டு வேகமெடுக்கும் கணத்திலும் எழுதும்போதும்தான் இழுப்பு அதிகம், அதனால்தான் அந்த நேரத்தில் அறுகிறது. ஹப்பையும் எக்ஸ்டென்ஷன் கேபிளையும் விலக்கி, லேப்டாப்பின் துளையிலேயே நேராக மாட்டுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் இரண்டு துளைகளில் சொருகும் ஒய் கேபிள் வாங்குங்கள்.

கேள்வி: டிவிடி டிரைவ் இடத்தில் கேடி (டிரைவ் வடிவச் சட்டம்) வைத்து எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு) போடலாமா? (கோவை வாசகர்)

பதில்: போடலாம், ஆனால் எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேடியிலும் வையுங்கள். பல லேப்டாப்களில் டிவிடி இடத்துத் தடம் வேகம் குறைந்தது. அங்கிருந்து விண்டோஸ் ஏற மறுக்கும் பயாஸ்களும் உண்டு. கேடிக்கும் 12.7, 9.5 என்ற தடிமன் கணக்கு அப்படியே பொருந்தும். மாட்டியும் தெரியவில்லை என்றால் கேடியின் பக்கத்தில் சிறு ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். சில கேடிகளில் அதை அடுத்த நிலைக்குத் தள்ளினால் லேப்டாப் ஏற்றுக்கொள்ளும். வட்டுகள் படிக்க வேண்டியது பாக்கி இருந்தால், அவற்றைப் பிரதியெடுத்து முடித்த பிறகு இந்த வேலையில் இறங்குங்கள்.

கேள்வி: டிரைவ் எல்லாம் சரி. 2006 கல்யாண டிவிடி மட்டும் முக்கால்வாசி ஓடி உறைந்துவிடுகிறது. காப்பி செய்தாலும் பிழை வருகிறது. (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: அந்த வட்டை இனி ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முயற்சியும் டிரைவைச் சோர்வாக்குமே தவிர வேறு பயனில்லை. மெல்லிய, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தோடு தடமாக ஓடி நீண்ட தரவை ஒரேயடியாக அழிக்கும். குறுக்குக் கீறலை டிரைவின் பிழைத்திருத்தம் தாண்டிவிடும். மேலே மணமக்கள் படம் ஒட்டியிருந்தால் அதை உரிக்காதீர்கள். சிடியாக இருந்தால் தரவு அடுக்கு அந்தத் தாளுக்கு நேர் கீழேயே இருப்பதால் தாளோடு சேர்ந்து பெயர்ந்து வரும். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால் சற்றுப் பாதுகாப்பு, ஆனாலும் உரிக்கும்போது வளைந்தால் தகடுகள் பிரியும். ஒட்டிய தாள் எடை சமமில்லாமல் வட்டை அதிரச் செய்யும் என்பதால், லேப்டாப் டிரைவில் திணறும் அத்தகைய வட்டு டெஸ்க்டாப் டிரைவில் ஓடக்கூடும். வேகத்தைக் குறைத்தும் பாருங்கள்.

பிரதியெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறோம். உபுண்டுவைப் பென் டிரைவில் போட்டு லேப்டாப்பை அதிலிருந்து ஏற்றினால் அங்கே நிறுவிக்கொள்ளலாம். பிளாக் அளவு 2048 பைட் என்று கொடுங்கள், வட்டின் செக்டர் (தரவுத் துண்டு) அளவு அதுதான். வரைபடக் கோப்பு ஒன்றின் பெயரையும் கட்டாயம் கொடுங்கள். எந்த செக்டர் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அதில் குறித்துக்கொண்டே போகும். முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு வட்டை வேறு கம்பெனி டிரைவில் போட்டு, அதே பிரதிக் கோப்பையும் அதே வரைபடக் கோப்பையும் கொடுத்தால் விடுபட்ட இடங்களை மட்டும் தேடிப் படிக்கும். ஒரு டிரைவ் தோற்ற இடத்தை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணம். நண்பர் வீட்டு டெஸ்க்டாப், யுஎஸ்பி டிரைவ் என்று மூன்று இடத்தில் முயன்றால் பெரும்பகுதி மீண்டுவிடும். கிடைத்த ஐஎஸ்ஓ கோப்பை (வட்டின் முழுப் பிரதி) விஎல்சியில் நேராகத் திறக்கலாம். மீளாத செக்டர் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு நொடி கட்டம் கட்டமாகத் தெரிந்து படம் தொடரும்.

வட்டு வெறுமையாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னால் அது வேறு விஷயம். வீடியோகிராபர் டிவிடி ரெக்கார்டரில் பதிந்துவிட்டு ஃபைனலைஸ் செய்யாமல் (மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்துவைக்காமல்) விட்டிருக்கலாம். அடிப்புறத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்; உள்வட்டம் ஒரு நிறமும் வெளிவட்டம் வேறு நிறமுமாகத் தெரிந்தால் பதிவு உள்ளே இருக்கிறது. எந்த ரெக்கார்டரில் பதிந்ததோ அதிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்தால் மற்ற டிரைவ்களிலும் ஓடும்.